மேனேஜருக்கு டெக்னிக்கலா அவ்வளவு தெரியாது, அவர் கீழே எப்படி வேலை பார்ப்பது? நெல்லைப் பக்கத்து ஐடி ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடியில் நடக்கிற சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவர், பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியிலோ காலேஜிலோ சர்வர், நெட்வொர்க் எல்லாம் ஒண்டி ஆளாகப் பார்க்கிறவர், கங்கைகொண்டான் எல்காட் பூங்காவுக்குத் தினமும் பஸ் ஏறுகிறவர், அம்பாசமுத்திரத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து சென்னை கம்பெனிக்கு வேலை செய்கிறவர், இப்படி யாரிடம் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு புகார் வந்துவிடுகிறது: “எங்க மேனேஜருக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே.” நானும் இப்படிப்பட்ட பலரின் கீழே வேலை பார்த்தவன். அதில் சிலர் இன்றைக்கும் நான் மதிக்கிற ஆட்கள், ஓரிருவரிடமிருந்து விலகி வந்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. தம்பி தங்கைமார் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

டெக்னிக்கலாகத் தெரியாதவர் எப்படி மேனேஜர் ஆகிறார்?

பல வழியில் ஆகிறார்கள், எல்லாமே அநியாயமான வழி என்று சொல்ல முடியாது. நம் ஊர்ச் சின்ன கம்பெனிகளில் பெரும்பாலும் முதலாளிதான் மேனேஜர். அவர் அக்கவுண்ட்ஸ் பார்த்தவராக இருப்பார், இல்லையென்றால் கம்ப்யூட்டர் விற்கிற கடை வைத்து, அப்புறம் பில்லிங் சாஃப்ட்வேர், அப்புறம் வெப்சைட் என்று படிப்படியாக வந்தவராக இருப்பார். அவருக்கு புரோகிராம் எழுத வராது. ஆனால் டவுனில் எந்தக் கடைக்காரர் சொன்ன தேதியில் பணம் கொடுப்பார், யார் தீபாவளி வரை இழுப்பார் என்று அவருக்கு அத்துப்படி. முதல் தேதி உங்கள் அக்கவுண்டில் சம்பளம் ஏறுவதற்கு அந்த அறிவுதான் காரணம்.

இன்னொரு வகை, ஒரு காலத்தில் நன்றாகவே புரோகிராம் எழுதியவர். விஷுவல் பேசிக் 6-இல் பெரிய பெரிய அப்ளிகேஷன் கட்டியிருப்பார். அந்த விபி6 எடிட்டருக்கு மைக்ரோசாஃப்ட் 2008-லேயே ஆதரவை நிறுத்திவிட்டது, இவர் அதற்குள் மேனேஜர் ஆகிவிட்டார், தொழில் வேறு பக்கம் போய்விட்டது. இவருக்கு ரியாக்ட் மாதிரி இன்றைய கருவிகள் தெரியாதுதான், ஆனால் டேபிளில் இண்டெக்ஸ் இல்லாமல் க்வெரி (டேட்டாவைத் தேடி எடுக்கிற கட்டளை) மெதுவாவதும், டிரான்சாக்‌ஷன் பாதியில் அறுந்தால் கணக்கு இடிப்பதும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். இவரைத் தெரியாதவர் பட்டியலில் அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். உட்கார்ந்து பேசினால் இரண்டாவது டீ முடிவதற்குள் எந்த இடத்தில் சிக்கல் என்று கை வைத்துக் காட்டிவிடுவார்.

பெரிய கம்பெனிகளில் வருஷக் கணக்கு பார்த்து மேலே ஏற்றுவதும் உண்டு, நன்றாக வேலை செய்தவருக்குப் பரிசாக ஆள் மேய்க்கிற வேலையைக் கொடுப்பதும் உண்டு. இரண்டுமே தப்பான வழக்கம் என்பது என் கருத்து.

மேனேஜருக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கத்தானே வேண்டும்?

இதில் இரண்டு பக்கமும் ஆதாரம் இருக்கிறது. கூகுள் 2002-இல் இன்ஜினியர்களுக்கு மேனேஜரே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தது. சில மாதம்தான் தாங்கியது. செலவுக் கணக்கில் கையெழுத்து, ஆளுக்கு ஆள் சண்டை என்று எல்லோரும் நேராகக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி பேஜிடம் போய் நின்றார்கள். அப்புறம் 2008-இல் நல்ல மேனேஜரிடம் என்ன இருக்கிறது என்று அதே கம்பெனி ஆய்வு செய்து எட்டுக் குணங்களைப் பட்டியல் போட்டது. டெக்னிக்கல் திறமை அதில் கடைசி இடத்தில், எட்டாவதாக வந்தது. ஆளை வளர்த்துவிடுவதும், ஒவ்வொரு வேலையிலும் தலையை விடாமல் இருப்பதும் அதற்கு மேலே இருந்தன.

மறுபக்கம், அமாண்டா குடால், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட், பெஞ்சமின் ஆர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சுமார் 35,000 ஊழியர்களின் தகவலை வைத்துப் பார்த்தபோது, தன் வேலையைத் தேவைப்பட்டால் செய்யத் தெரிந்த மேலதிகாரியின் கீழே இருப்பவர்கள் அதிகத் திருப்தியோடு இருக்கிறார்கள் என்று வந்தது. உங்களுக்கு வருகிற எரிச்சலுக்கு நியாயம் இருக்கிறது என்று அர்த்தம். கூகுள் பட்டியலிலும் அது எட்டாவது இடத்திலாவது இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும், இல்லவே இல்லை என்று வரவில்லை.

என் கணக்கு இதுதான். மேனேஜருக்குச் செய்யத் தெரிய வேண்டியதில்லை, கேட்கத் தெரிய வேண்டும். “இதில் எது உடையும், உடைந்தால் யார் போன் பண்ணுவார், எவ்வளவு நேரத்தில் சரி பண்ணலாம்” என்ற மூன்றையும் கேட்கிற ஆளிடம் நீங்கள் தாராளமாக வேலை பார்க்கலாம்.

அப்படியென்றால் யாரைக் கண்டு பயப்பட வேண்டும்?

தெரிந்த மாதிரி காட்டுகிறவரை. கிளையண்ட் முன்னால் “அதெல்லாம் மைக்ரோசர்வீஸ் போட்டு ரெண்டு நாள்ல முடிச்சிருவோம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து உங்களைப் பார்க்கிறவர். தப்பான முடிவு எடுத்துவிட்டு, உடைந்ததும் “எங்கிட்ட யாரும் சொல்லல” என்கிறவர். தெரியாது என்று ஒருமுறைகூடச் சொல்லாத மேனேஜரிடம் எச்சரிக்கையாக இருங்கள். தெரியாது, சொல்லு தம்பி என்கிறவரிடம் முழு மனசோடு உழைக்கலாம்.

அவருக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

முதலில், அவருக்கு எதில் கவலை என்று பாருங்கள். பணம், தேதி, வாடிக்கையாளர் முன் பேர் கெடுவது, இந்த மூன்றில் ஏதோ ஒன்று. உங்கள் டெக்னிக்கல் விஷயத்தை அந்தக் கவலையிலிருந்து தொடங்குங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மொத்த வியாபாரத்துக்கான சாஃப்ட்வேரும் பில்லிங்கும் ஓடியது ஒரே சர்வரில். அது தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு மர ஸ்டூலின் மேல் இருந்தது. பக்கத்தில் யூபிஎஸ், அதன் மேல் பழைய பில் புக் கட்டு. என்னோடு இருந்த பையன் கெட்டிக்காரன், ஆஃப்சைட் பேக்கப், ரெப்ளிகேஷன், ரெக்கவரி டைம் என்று முதலாளியிடம் பல தடவை சொல்லிப் பார்த்தான். “பாப்போம் தம்பி” என்ற பதிலோடு நின்றுவிடும். பிறகு 2023 டிசம்பர் 17, 18 மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி பெருகி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை பக்கமெல்லாம் கடைகளுக்குள் தண்ணீர் ஏறியது. எங்கள் தெருவுக்கு வரவில்லை. தண்ணீர் வடிந்து கடை திறந்த அன்றைக்கு அந்தப் பையன் முதலாளியைப் படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டான்: “அண்ணாச்சி, தண்ணி இந்த ஸ்டூல் மட்டத்துக்கு வந்திருந்தா, யார் யார் நமக்கு எவ்வளவு பாக்கி தரணும்னு வேற எங்க இருக்கு?”

அண்ணாச்சி குனிந்து ஸ்டூலைப் பார்த்தார். பில் புக் கட்டை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தார், அது நாலு வருஷத்துக்கு முந்தியது. “எங்கயும் இல்லியே டே” என்றார். அடுத்து அவர் கேட்டது எவ்வளவு செலவாகும் என்பதுதான். சர்வரை மாடிக்குத் தூக்குவதற்கு ஒரு தொகை, தினம் ராத்திரி ஒரு காப்பி ஊருக்கு வெளியே கிளவுடுக்குப் போவதற்கு மாசம் ஒரு தொகை என்று பையன் சொன்னான், இரண்டுக்கும் அங்கேயே சரி என்றார். பாக்கிப் பணம் என்ற பேச்சில் சொன்னதும் காப்பி எடுத்து வைக்கிற ரெப்ளிகேஷனைப் பற்றி அவரே இரண்டு நல்ல கேள்வி கேட்டார். காப்பி போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்ப்பது, அதிலிருந்து திரும்ப எடுக்க வருமா என்று என்றைக்காவது எடுத்துப் பார்த்தீர்களா?

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் பெரிய கம்பெனிகளே மாட்டியிருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம்களைச் சேமித்து வைக்கிற சேவை நடத்தும் கிட்லேப் கம்பெனியில் ஒரு இன்ஜினியர் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸை (வாடிக்கையாளர் நேரடியாகப் பயன்படுத்துவதை) தவறுதலாக அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தும் ஒன்றும் நம்பும்படி வேலை செய்யவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு காப்பியிலிருந்துதான் மீண்டார்கள்.

எழுதிக் கொடுப்பதாக இருந்தால் நான் இப்படி எழுதுவேன்: “சார், பில் போடுகிற கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 10 இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் அதற்கு வழக்கமான அப்டேட்டை நிறுத்திவிட்டது. இப்படியே விட்டால் வைரஸ் புகுந்து பில்லிங் நிற்கும் ஆபத்து கூடும். எந்தெந்த மெஷினை மாற்ற வேண்டும், என்ன செலவு என்று பட்டியல் கீழே. வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் சரி என்றால் மாத முடிவுக் கணக்குக்கு முன்னால் முடித்துவிடலாம்.” என்ன விஷயம், விட்டால் என்ன, அவர் எதை எப்போது முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். எப்படிச் செய்வோம் என்பது அதில் இல்லை, அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

“சின்ன வேலைதானே, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவியா?” என்கிறார். என்ன சொல்வது?

முடியாது என்று சொல்வதற்கு முன்னால் அந்தச் சின்ன வேலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவர் கண்ணுக்குக் காட்டுங்கள். நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் 2025 செப்டம்பர் 22-இல் வந்த ஜிஎஸ்டி மாற்றம். 12, 28 சதவீதத்தில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5-க்கும் 18-க்கும் மாறின. பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருக்கிற எல்லா மேனேஜரும் சொன்ன வார்த்தை “ரேட்டை மாத்த வேண்டியதுதானே.” ஆனால் 20-ஆம் தேதி 12 சதவீதத்தில் வாங்கிய பொருளை வாடிக்கையாளர் 25-ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால் கிரெடிட் நோட்டு (தொகையைக் கழித்துக் கொடுக்கிற சீட்டு) பழைய விகிதத்தில்தான் போட வேண்டும். அப்போது பொருளுக்கு ஒரே ரேட் என்று வைத்திருக்கிற டேபிள் உதவாது, எந்தத் தேதியிலிருந்து எந்த ரேட் என்று வைக்க வேண்டும், பழைய பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தாலும் பழைய தொகைதான் வர வேண்டும். திருப்பி வந்த ஒரு பொருள், ஒரு பில், ஒரு கிரெடிட் நோட்டு, மூன்றையும் காகிதத்தில் போட்டுக் காட்டினால் அக்கவுண்ட்ஸ் பக்கத்திலிருந்து வந்த மேனேஜர் உங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார், பல சமயம் நீங்கள் யோசிக்காத இன்னொரு சிக்கலையும் அவரே சொல்வார்.

தேதி சொல்லும்போது ஒற்றைத் தேதி சொல்லாதீர்கள். “எல்லாம் ஒழுங்காப் போனா புதன், டெஸ்டிங்கில் ஏதாவது வந்தா வெள்ளி” என்று சொல்லுங்கள். கையில் ஏற்கெனவே வேலை இருந்தால், “இதை எடுக்கிறேன் சார், அப்போ அந்த ரிப்போர்ட்டை அடுத்த வாரம் தள்ளிக்கலாமா?” என்று கேளுங்கள். எதைத் தள்ளுவது என்று தீர்மானிப்பது அவர் வேலை, அந்த வேலையை அவரிடமே கொடுங்கள்.

லேட்டாகிவிட்டது, இன்னும் நாலு பேரைப் போடுகிறேன் என்கிறார். நல்லதுதானே?

பெரும்பாலும் இன்னும் லேட்டாகும். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் கட்டுகிற பெரிய வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-லேயே இதைச் சொல்லிவிட்டார். புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பழைய ஆள் தன் வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டும். ஐந்து பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய ஜோடி பத்து, அதுவே பத்துப் பேரானால் நாற்பத்தைந்து. இந்த இரண்டு எண்ணையும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். டெஸ்டிங்குக்கும், வாடிக்கையாளர் போன் எடுப்பதற்கும் ஆள் கேட்டு வாங்குங்கள், அது உதவும்.

புது வசதி எதுவும் இல்லாமல் இரண்டு வாரம் பழைய கோடிங்கைச் சுத்தம் பண்ண அனுமதி கேட்டால் முறைக்கிறார்.

வாடிக்கையாளருக்குக் காட்ட ஒன்றும் இல்லாத வேலைக்கு அவர் சம்பளம் கொடுக்க வேண்டும், முறைக்கத்தான் செய்வார். பாளையங்கால்வாயில் தூர் வாராமல் விட்டால் தலைப்பில் தண்ணீர் இருந்தும் கடைசி வயலுக்குப் போய்ச் சேராது என்பதை நம் பக்கத்து ஆளுக்கு விளக்க வேண்டியதில்லை, அப்படித் தொடங்கலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் வேலைக்கு ஆகாது, கையில் கணக்கு வேண்டும். ஒரு சின்ன மாற்றம் போன வருஷம் எத்தனை மணி நேரத்தில் முடிந்தது, அதே மாதிரி மாற்றம் இப்போது எத்தனை மணி நேரம் இழுக்கிறது என்று, ஒவ்வொரு வேலையையும் பதிந்து வைக்கிற உங்கள் டிக்கெட்டிலிருந்தே எடுத்துக் காட்டுங்கள். அப்புறம் இரண்டு வாரம் மொத்தமாகக் கேட்காமல், தொடுகிற ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம் சேர்த்துச் சுத்தம் செய்வதற்கு நேரம் கேளுங்கள். அதற்குச் சம்மதிக்காத மேனேஜரை நான் அதிகம் பார்த்ததில்லை.

மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்கிறார். திருத்தலாமா?

சொல்லில் தப்பு என்றால் விட்டுவிடுங்கள், ஏபிஐ என்பதற்கு டேட்டாபேஸ் என்று சொல்லிவிட்டால் வானம் இடிந்து விழாது. கிளையண்டுக்குத் தப்பான வாக்குப் போகிறது என்றால் அங்கேயே பேசித்தான் ஆக வேண்டும், ஆனால் “சார் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிடுதேன், இதுல பழைய டேட்டாவை மாத்துற வேலையும் இருக்கு, அதுக்குத் தனியா தேதி சொல்லுதோம்” என்கிற மாதிரி. நம் ஊர் சின்ன ஊர். இன்றைக்கு மீட்டிங்கில் முகம் சுளிக்க வைத்த ஆளை அடுத்த முகூர்த்தத்தில் கல்யாண மண்டபப் பந்தியில் பக்கத்து இலையில் பார்ப்பீர்கள், அவர் உங்கள் சித்தப்பாவுக்குப் பழக்கமானவராக இருப்பார். அதற்காகப் பயந்து வாயை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை, தனியாகச் சொல்ல முடிந்ததைத் தனியாகச் சொல்லுங்கள் என்கிறேன். மீட்டிங்குக்கு முந்தின நாள் பத்து நிமிஷம் அவரோடு உட்கார்ந்து, கிளையண்ட் என்ன கேட்பார், என்ன சொல்லலாம் என்று பேசிவிட்டால் இந்தச் சிக்கலில் பாதி வராது.

எடுத்துச் சொல்லியும் கேட்காமல் ஆபத்தான முடிவு எடுக்கிறார். அப்போது?

எழுதுங்கள். நேரில் சொன்னதையும் அன்றைக்கே ஒரு மெயிலாக எழுதி அனுப்புங்கள். குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம், “இன்று பேசியபடி, டெஸ்ட் முடியாமல் வெள்ளிக்கிழமை ரிலீஸ் போகிறோம். இதில் நான் சொன்ன ஆபத்து இது, உடைந்தால் திரும்பப் போகிற வழி இது” என்று நாலு வரி போதும். அதைப் படிக்கும்போதே பல மேனேஜர்கள் மனசு மாறுவார்கள், ஏனென்றால் முடிவின் பாரம் யார் தோளில் என்று அந்த நாலு வரியில் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலத்துக்கு ராக்கெட் செய்து கொடுத்த மார்ட்டன் தயகால் கம்பெனியில் ரோஜர் பாய்ஜோலி என்ற இன்ஜினியர், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் சரியாக அடைக்காமல் போனால் உயிர்ச்சேதம் ஆகும் என்று 1985 ஜூலையிலேயே மேலிடத்துக்குக் குறிப்பு எழுதியிருந்தார். 1986 ஜனவரி 27 ராத்திரி, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று இன்ஜினியர்கள் போனில் வாதாடினார்கள். இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போடு என்று ஒரு பெரிய அதிகாரி சொல்ல, முடிவு மாறியது. மறுநாள் காலை ஏவிய 73-ஆவது விநாடியில் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த அறையில் இருந்த மேலதிகாரிகளிலும் இன்ஜினியரிங் படித்தவர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் நெஞ்சை உறுத்துகிற விஷயம். விசாரணை வந்தபோது பேசியது அந்த எழுத்துதான்.

நம் வேலையில் உயிர் போகிற அளவுக்குப் பெரும்பாலும் வராது, ஆனால் சட்டம் வரும். கம்ப்யூட்டரில் அத்துமீறல், டேட்டா திருட்டு மாதிரி ஏதாவது நடந்தால், தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தன்னிடம் சொல்ல வேண்டும், லாக்குகளை (கம்ப்யூட்டர் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவு போட்டிருக்கிறது. “வெளிய தெரியாம அமுக்கிருவோம்” என்று மேனேஜர் சொன்னால் இதை அவருக்குக் காட்டுங்கள். தெரியாமல்தான் பலர் அப்படிச் சொல்கிறார்கள். தெரிந்த பிறகும் அமுக்கச் சொன்னால் அந்தக் கம்பெனியில் நீங்கள் இருக்க வேண்டாம்.

ஏஐ-யிடம் கேட்டு, அது கொடுத்த கோடிங்கை அனுப்பி “இதைப் போடு, முடிஞ்சுச்சு” என்கிறார்.

எரிச்சல் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அவர் முதல் தடவையாக உங்கள் வேலைக்குள் எட்டிப் பார்க்கிறார், அதை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாம். “நல்லாருக்கு சார், நம்ம ரிவ்யூ, டெஸ்ட் வழியா அனுப்பிப் பாத்துருவோம்” என்று சொல்லி, டீமில் யார் எழுதினாலும் எந்த வழியோ அதே வழியில் விடுங்கள். உடைகிற இடத்தை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வாடிக்கையாளர் பேர், போன் நம்பர், நோயாளி விவரம் இதையெல்லாம் அதில் ஒட்டிக் கேள்வி கேட்கக் கூடாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று இருக்கிறது. இந்த எண்ணைச் சொன்னால் எந்த முதலாளியும் நிமிர்ந்து உட்காருவார்.

நான் சொன்னதை டீமில் இருக்கிற ஜூனியர் பையனிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறார். நான் பெண் என்பதால்தான் என்று தோன்றுகிறது.

தோன்றுவது சரியாகத்தான் இருக்கும், இதை என்னிடம் சொன்ன தங்கைமார் நிறையப் பேர். டெக்னிக்கலாகத் தெரியாத மேனேஜருக்கு யார் சொல்வது சரி என்று எடை போடத் தெரியாது, அதனால் குரல் பெரிதாக இருப்பவரை நம்பிவிடுகிறார். முதலில் அந்தப் பையனிடம் பேசுங்கள். “இதை அக்காட்டத்தான் கேக்கணும் சார், அவங்கதான் இதைப் பாக்குறாங்க” என்று அவன் இரண்டு தடவை சொன்னால் பாதி வழக்கம் நிற்கும். பொறுப்பை எழுத்தில் வாங்குங்கள், இந்த மாட்யூலுக்கு யார் என்று டிக்கெட்டிலேயே உங்கள் பேர் இருக்கட்டும். அப்புறமும் நடந்தால் தனியாகப் போய், நடந்த இரண்டு சம்பவத்தைத் தேதியோடு சொல்லி நேராகக் கேளுங்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கிற தம்பிமாரே, மேனேஜர் உங்களிடம் கேட்கிறபோது நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இது மாறும்.

வீட்டிலிருந்து வேலை. சென்னையில் இருக்கிற மேனேஜர், சாட்டில் என் பேருக்குப் பக்கத்தில் ஆன்லைன் என்று காட்டும் பச்சை விளக்கு எரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வேலையின் தரத்தை எடை போடத் தெரியாதபோது நேரத்தை எடை போடுவார்கள். அவருக்கு வேறு ஒன்றைப் பார்க்கக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன மெயில்: முடிந்தது, நடந்துகொண்டிருப்பது, யாருக்காகக் காத்திருக்கிறேன். மின்வாரியப் பராமரிப்புக்காகக் கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும், அதை அன்றைக்கே சொல்லி வைத்தால் மறுநாள் சந்தேகம் வராது. ஒரு மாதம் இதை விடாமல் செய்தால் பெரும்பாலானோர் விளக்கைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள்.

நான் செய்ததைத் தான் செய்ததாக மேலிடத்தில் சொல்லிக்கொள்கிறார்.

டீம் செய்தது என்று சொன்னால் அது அவர் வேலை, பொருட்படுத்தாதீர்கள். உங்கள் பேரைத் திட்டமிட்டு மறைக்கிறார் என்றால், டெமோவை நீங்களே காட்டுவதற்குக் கேளுங்கள், டிசைன் குறிப்பை உங்கள் பேரில் எழுதிப் பலரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள். அப்ரைசலுக்கும் இதுதான் வழி. கஷ்டமான வேலை எது என்று அவருக்குத் தெரியாது, அதனால் “க்வெரியை ஆப்டிமைஸ் செய்தேன்” என்று எழுதினால் அவர் மார்க் போட மாட்டார். மாத முடிவு ரிப்போர்ட் நாற்பது நிமிஷம் எடுத்தது, இப்போது இரண்டு நிமிஷம், அக்கவுண்ட்ஸ் ஆட்கள் ராத்திரி உட்கார வேண்டியதில்லை என்று எழுதுங்கள்.

இவர் கீழே இருந்தால் நான் வளர முடியுமா?

டெக்னிக்கலாக அவரிடமிருந்து வளர முடியாது, வேறு இடம் தேடிக்கொள்ளத்தான் வேண்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள், உங்கள் கோடிங்கைத் தப்புச் சொல்லிப் படிக்க ஒரு ஆள் இல்லாமல் வருஷங்கள் ஓடினால் அந்த இழப்பு பெரியது. ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டில் ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினால்கூட முகம் தெரியாத நல்ல இன்ஜினியர் வரி வரியாகப் படித்துக் கருத்துச் சொல்வார். உங்கள் மேனேஜரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: ஒரு கிளையண்டிடம் விலை பேசுவது எப்படி, பணம் வராதபோது கோபப்படாமல் கேட்பது எப்படி. இது எந்தக் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை.

மேனேஜர் முதலாளியின் மச்சினன்.

அவர் கற்றுக்கொள்கிற ஆளாக இருந்தால் மற்றவர் மாதிரியே நடத்துங்கள். இல்லையென்றால் அவரை மாற்ற உங்களால் ஆகாது, அடுத்த கேள்விக்குப் போங்கள்.

எப்போது வேலையை விடலாம்?

பொய்க் கணக்குக் காட்டச் சொன்னால், டேட்டா திருட்டை மறைக்கச் சொன்னால், உடைந்ததற்கெல்லாம் உங்கள் பேரைச் சொல்வது வழக்கமாகிவிட்டால் யோசிக்க வேண்டாம். வெறும் தெரியாமை மட்டும் என்றால் ஒரு வருஷமாவது முயற்சி செய்து பாருங்கள்.

விடுவதாக இருந்தால் கோபத்தில் அன்றைக்கே பையைத் தூக்காதீர்கள். ஆஃபர் கையில் வந்த பிறகு, நோட்டீஸ் பீரியட் முடித்து, ரிலீவிங் லெட்டரும் கடைசி மாதச் சம்பள ஸ்லிப்பும் வாங்கி, பிஎஃப் விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கிளம்புங்கள். பாஸ்வேர்டு, சர்வர் விவரம் எல்லாம் ஒழுங்காக எழுதி ஒப்படையுங்கள். முன்பு மாதிரி சென்னைதான் ஒரே வழி என்று இல்லை. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-லிருந்து இருக்கிறது, கங்கைகொண்டானில் கம்பெனிகள் இருக்கின்றன, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலையும் இருக்கிறது. சென்னைக்கே போவதென்றாலும் 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது, காலையில் ஏறினால் மத்தியானம் எழும்பூர், இன்டர்வியூவுக்குப் போய்வர வசதி.

இன்டர்வியூவில் பழைய மேனேஜரைப் பற்றிக் கேட்டால் அவர் கொடுத்த சுதந்திரத்தைச் சொல்லுங்கள். டெக்னிக்கல் முடிவெல்லாம் நீங்களே எடுத்திருப்பீர்கள், அது உண்மையும்கூட.

இப்போது நானே மேனேஜர். டீம் பிள்ளைகளுக்கு என்னைவிட அதிகம் தெரிகிறது. கூச்சமாக இருக்கிறது.

முதல் வாரமே டீமைக் கூப்பிட்டு, எந்தெந்த விஷயத்தில் உங்களுக்கு ஆழமாகத் தெரியாது என்று பேரைச் சொல்லிச் சொல்லிவிடுங்கள், அந்தந்த விஷயத்தில் யார் சொல்வது கடைசி வார்த்தை என்றும் சொல்லிவிடுங்கள். புரியாத இடத்தில் தலையாட்டாதீர்கள், “எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லு” என்று கேட்டால் அவர்கள் உங்களைக் குறைவாக நினைப்பதில்லை. கிளையண்டுக்குத் தேதி சொல்வதற்கு முன்னால் அதைச் செய்யப் போகிறவரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ப்ரொடக்‌ஷன் உடைந்த ராத்திரியில் உங்களால் அதைச் சரி பண்ண முடியாது, ஆனால் வாடிக்கையாளர் போனையெல்லாம் நீங்கள் எடுத்துக்கொண்டு, சரி பண்ணுகிற பிள்ளையை யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ளலாம். சாப்பாடு வாங்கி வைத்துவிட்டு, முடிகிற வரை கூடவே இருங்கள்.